எலக்ட்ரிக் கிட்டார் ஏன் அறையின் ஒலியை இரவல் வாங்குகிறது?

சாமான்களை ஏற்றி அனுப்பிய பிறகு காலி வீட்டில் கைதட்டிப் பாருங்கள். சத்தம் சட்டென அடங்காது. சுவர், தரை, கூரை என்று மோதித் திரும்பும் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுதான் ரிவெர்ப். கிட்டாரின் பிக்கப்புக்கோ சுவர்களே தெரியாது. அதிலுள்ள காந்தமும் சுருளும் கம்பியின் அதிர்வை மட்டுமே மின்சாரமாக்குகின்றன. அறையைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். 1960-களின் ஃபெண்டர் நிறுவன ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் அந்த வேலையைச் செய்தது, பெட்டிக்குள் இழுத்துக் கட்டிய ஸ்பிரிங். ஒலி அதன் இரு முனைகளுக்கும் இடையே ஓடி ஓடித் தேய்ந்தது. காலால் இயக்கும் டிஜிட்டல் பெடல் அதையே கணக்குப் போட்டுச் செய்கிறது.

அப்படியானால் ஹால் (அரங்கம்), பிளேட் (உலோகத் தகடு), ஸ்பிரிங் என்று அதிக ரிவெர்ப் வகை தரும் பெடல்தான் சிறந்ததா? இல்லை என்பேன். மேடையில் அரங்கமும் தன் பங்குக்கு எதிரொலிக்கும். 17 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டு ஒலி திரும்ப 0.1 விநாடி ஆகிறது. அதோடு பெடலின் எதிரொலியும் சேர்ந்தால் சுரங்கள் குழம்பும். ஆகவே எதிரொலியின் அளவை மாற்றும் மிக்ஸ், அது அடங்கும் நேரத்தை மாற்றும் டிகே ஆகிய குமிழ்கள் குறைந்த அளவிலும் நுணுக்கமாகத் திரும்புகின்றனவா என்று முதலில் பாருங்கள். வீட்டில் தனியாக வாசிப்பவருக்கு வகைகள் வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் எந்த வகையானாலும் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்குப் பின்னால் மாட்டுவதே நல்லது. முன்னால் மாட்டினால், தேய்ந்து அடங்க வேண்டிய மிச்ச ஒலியையும் டிஸ்டார்ஷன் பெருக்கி இரைச்சலாக்கிவிடும்.