அஷ்டமி, நவமி பார்த்துக் கிளம்புங்கள்!

"அஷ்டமி, நவமியில் ஒரு காரியமும் தொடங்காதே" என்று உங்கள் வீட்டுப் பாட்டி சொல்லியிருப்பார். ஆனால் வேல்ஸ் நாட்டின் வடமேற்குக் கோடியில், ஹோலிஹெட் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாறைக் கரையோரமாக ஒற்றை ஓடத்தில் தனியே போவதென்றால், அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்கள்தாம் நல்ல நாட்கள்!

காரணம் வேறொன்றுமில்லை. அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் கடல் ஏற்றமும் இறக்கமும் பலமாக இருக்கும். நடுவே அரைச் சந்திரன் தெரியும் நாட்களை அடுத்து அது தணிந்துவிடும். நம் கரையில் இந்த வித்தியாசத்தை அவ்வளவாக உணர மாட்டோம். அங்கேயோ கடல் நீர் ஆறு மணி நேரம் வடக்கே ஓடுகிறது. பிறகு சற்றே நின்று, ஆறு மணி நேரம் தெற்கே ஓடுகிறது. ஆற்று வெள்ளம் தோற்றுப் போகும்!

"நானாவது, கடலாவது, தனியாகவாவது!" என்று சிரிக்காதீர்கள். இன்று ஒரு பொழுது அடுப்பை அணைத்துவிட்டு என்னோடு வாருங்கள். செலவு ஒன்றுமில்லை.

கயாக் என்னும் அந்த ஓடம் சுமார் ஐந்து மீட்டர் நீளம். அகலமோ, நீங்கள் உட்கார்ந்தால் இடுப்புக்கு இருபுறமும் நாலு விரல் இடம் மிஞ்சினால் அதிகம். உட்கார்ந்ததும் இடுப்பைச் சுற்றி ஒரு பாவாடை போன்ற துணியை மாட்டி, அதன் விளிம்பை ஓடத்தின் வாயில் இழுத்துப் பொருத்திவிட வேண்டும். அப்புறம் நீங்கள் வேறு, ஓடம் வேறு அல்ல.

இதைக் கண்டுபிடித்தவர்கள் கிரீன்லாந்து முதலான பனிப் பிரதேசங்களில் வாழும் இனுயிட் மக்கள். கடலில் ஒதுங்கிய கட்டையைச் செதுக்கிக் கூடு கட்டுவது ஆண்களின் வேலை. அதன்மேல் ஸீல் தோலை இழுத்துத் தைப்பது பெண்களின் வேலை. நரம்புதான் நூல். ஊசி தோலின் பாதிக் கனத்துக்குத்தான் இறங்க வேண்டும். மறுபுறம் துளைத்து வந்துவிட்டால் அந்தத் துளை வழியே தண்ணீர் வரும். வேட்டைக்குப் போன கணவன் திரும்புவானா என்பது மனைவியின் தையலில் இருந்தது! கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவதைக் கேலி செய்யும் ஆண்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பாராவை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

இப்போதைய ஓடங்கள் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடி நாரிலும் செய்யப்படுகின்றன. ஆபத்து மட்டும் பழையதுதான். ஜூன் மாதத்தில்கூட அந்தக் கடலின் வெப்பம் 12, 13 டிகிரியைத் தாண்டுவது கஷ்டம். விழுந்தால் முதலில் மூச்சு திணறும். சற்று நேரத்தில் விரல்கள் மரத்துப் போகும். அதனால் கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கும் உடை, மிதவைச் சட்டை, கையடக்க ரேடியோ எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மூன்று பேருக்குக் குறைந்து போகாதே என்பது ஓடக்காரர்களின் பழைய விதி. நாம் அதை மீறித்தான் போகிறோம்.

போர்த் டாஃபர்க் என்ற சிறு விரிகுடாவில் கிளம்பி, வடக்கே ஓடும் நீர் ஓயப்போகும் வேளையில் துடுப்புப் போடுகிறோம். முதலில் வருவது பென்ரின் மௌர். 'பெரிய முனை' என்று அர்த்தம். அடியில் பாறைத் திட்டுகள் இருப்பதால், நீரோட்டம் வேகம் கொண்டால் இங்கே அலைகள் நின்ற இடத்திலேயே எழும்பிக் குதிக்கும். இப்போது சாதுவாக இருக்கிறது. தாண்டிவிட்டோம்.

அடுத்து ஸவுத் ஸ்டாக். ஒரு பாறைத் தீவு, அதன்மேல் 1809-ல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம். கரைக் குன்றிலிருந்து அதற்கு இறங்க ஏறக்குறைய 400 படிகள்! எதிரே செங்குத்துப் பாறையில் ஆயிரக்கணக்கான கில்லெமாட் பறவைகள். கூடு கிடையாது, வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை. குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், பறக்கத் தெரியுமுன்பே அங்கிருந்து கடலில் குதிக்கிறது. கீழே இருந்து குரல் கொடுத்து அழைப்பது தகப்பன். பிறகு பல வாரங்கள் கடலில் அதை வைத்துக் காப்பாற்றுவதும் தகப்பன்தான். தாயாருக்கு விடுமுறை!

இங்கேயே நாள் முழுதும் இருந்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் 1859 அக்டோபர் 25-ஆம் தேதி இரவை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று அடித்த புயலில் ஜாக் ஜோன்ஸ் என்ற துணைக் காவலர் விளக்கத்துக்கு வரும்போது பாறை விழுந்து தலையில் அடிபட்டார். சில வாரங்களில் இறந்தார். அதே புயலில், இத்தீவுக்குக் கிழக்கே, ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கத்தோடு வந்த 'ராயல் சார்ட்டர்' கப்பல் உடைந்து நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் 1861-ல் ஃபிட்ஸ்ராய் என்ற கடற்படை அதிகாரி பிரிட்டனில் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார். இன்று காலை நாம் ரேடியோவில் கேட்டோமே, "பிற்பகல் தென்மேற்குக் காற்று வலுக்கும்" என்று, அதன் பூர்வோத்தரம் இதுதான்.

காற்றும் சொன்னபடி வந்துவிட்டது! நீரோ இப்போது தெற்கே திரும்பி ஓடுகிறது. காற்று ஒரு பக்கம், நீர் எதிர்ப்பக்கம். தூரத்தில் பெரிய முனையருகே வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிகிறது. காலையில் சாதுவாக இருந்த அதே இடம்.

புறப்பட்ட இடம் இங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். கையில் இன்னும் தெம்பு இருக்கிறது. 'போய்விடலாமே' என்று மனம் சொல்கிறது. கூட இருவர் இருந்தால் போயிருக்கலாம். கவிழ்ந்தால் நிமிர்த்த ஒரு கை இருக்கும். இன்று இல்லை.

முனைக்கு இப்பால் ஒரு சிறு விரிகுடா இருக்கிறது. அதன் பெயர் ஆபிரகாமின் மடி! பெயர் வைத்தவர் வாயில் சர்க்கரை போடத்தான் வேண்டும். அதற்குள் திரும்பி, கூழாங்கல்லில் ஓடத்தை இழுத்துப் போடுகிறோம். கைகள் நடுங்குகின்றன, குளிரால் என்று சொல்லிக்கொள்ளுங்கள். கரையில் சொல்லிவிட்டு வந்தவரை அழைத்து, "கடல் வழியாக வரவில்லை, நடந்து வருகிறேன்" என்று தெரிவித்துவிடுங்கள். ஃப்ளாஸ்கில் தேநீர் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. குடித்துவிட்டுக் குன்றின்மேல் ஏறி ஒரு மணி நேரம் போல நடந்தால் நம் வண்டி நிற்கும் இடம். ஓடத்தை அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம்.