சிதறும் கவனமும் செய்யும் தொழிலும்

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறினால், ஏலத்தோட்டங்களின் நடுவே 'ஸ்டோர்' என்று நம் மக்கள் வழங்கும் உலர்ப்பு அறைகளைக் காணலாம். பறித்த பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, சூடேற்றி, அங்கேதான் உலர்த்துகின்றனர். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகச் சுருங்கும். இவ்வேலை ஒரு பகலையும் ஓர் இரவையும் விழுங்கிவிடும். சூடு குறைந்தால் காய் செவ்வையாக உலராது. மிஞ்சினால் பச்சை நிறம் மங்கி, ஏலத்தில் விலை விழுந்துவிடும். ஆகவே ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து, வெப்பத்தை அவ்வப்போது பார்த்துச் சரிசெய்தல் வேண்டும். உடலை வருத்தும் வேலையன்று அது. மறதியின்மை ஒன்றையே கேட்கும் வேலை.

அவ்வேலையில் அமர்ந்த ஒரு குடும்பத் தலைவரை எண்ணிப் பாருங்கள். (எந்தத் தனி மனிதரையும் நான் இங்கே குறிப்பிடவில்லை, பல இல்லங்களில் கேட்டவற்றை ஓர் உருவாக்கிச் சொல்லுகிறேன்.) நல்லவர், குடிப்பழக்கம் இல்லாதவர். மலைப்பாதையில் ஜீப் பழுதுற்று நின்றால் முதலில் குதித்து இறங்குபவர் அவரே. ஆயினும் வெப்பத்தைப் பார்க்கச் சென்றவர், வழியில் கிடந்த உடைந்த தட்டொன்றைச் செப்பனிட உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேரம் கழிந்ததை அறியவே மாட்டார். முதலாளி இருமுறை பொறுப்பார்; மூன்றாம் முறை கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவார். அடுத்த தோட்டத்திலும் அதே கதை. வீட்டிலோ, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா, குடும்ப அட்டையை எங்கே வைத்தீர்கள் என்று மனைவி கேட்கும்போதெல்லாம் சச்சரவு. 'பொறுப்பற்றவன்' என்பார் தாய். 'சோம்பேறி' என்பார் மாமனார். நாளடைவில் அம்மனிதரும் அதையே நம்பத் தொடங்குகிறார். நான் அஞ்சுவது இதற்குத்தான்.

தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்று சோம்பல் என்று ஞானோபதேச வகுப்பில் நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். தன்னால் இயன்ற நன்மையைச் செய்ய மனம் ஒவ்வாது மறுப்பதே அப்பாவம். நான் சொன்ன மனிதரோ செய்ய விரும்புகிறார். காலையில் உறுதி எடுக்கிறார். மாலையில் தோற்றுப்போய்த் தம்மைத் தாமே நொந்துகொள்கிறார். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது அறவியலிலும் பிழை, அன்பிலும் பிழை.

போடிமெட்டைக் கடந்து மூணாறு வழியே கொச்சிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் கோதமங்கலம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள 'பீஸ் வேலி' என்னும் மறுவாழ்வு நிலையத்தின் விழாவொன்றில், 2024-ஆம் ஆண்டு மே மாதம், மலையாள நடிகர் ஃபகத் ஃபாசில் பேசினார். 'விக்ரம்', 'மாமன்னன்' ஆகிய படங்களின் வழியாக நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்தவர் அவர். தமக்கு ஏ.டி.எச்.டி. என்னும் கோளாறு இருப்பதாக 41-ஆம் வயதில்தான் கண்டறியப்பட்டது என்று அவர் அந்த மேடையில் வெளிப்படையாகக் கூறினார். தம் தொழிலில் பெயர் பெற்ற ஒருவர், குறைபாடுள்ள குழந்தைகளுக்கான ஓரிடத்தில் நின்று இவ்வாறு சொன்னது பலருக்கு வியப்பாயிருந்தது. நாற்பது வயதுவரை பெயர் அறியாமலே ஒருவர் ஒரு கோளாறோடு வாழ இயலும் என்பது நமக்கு இதனால் தெரியவருகிறது.

ஏ.டி.எச்.டி. என்பதைத் தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்கின்றனர். 1902-இல் இலண்டன் மாநகரில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இத்தகைய சிறுவரைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். அறிவில் குறையில்லாத அப்பிள்ளைகளின் நிலையை அவர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாகவே விளக்கினார். மருத்துவரே அவ்வாறு கருதிய காலம் இருந்தபோது, நம் மாமனார்களை மட்டும் கடிந்துகொள்வது முறையாகாது! 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் கவனக்குறைவு முதன்மை பெற்றது. 1987-இல் இன்றைய பெயர் வந்தது. இன்று இதனை மூளை வளர்ச்சியைச் சார்ந்த கோளாறு என்கின்றனர். பெரும்பாலும் குடும்ப வழியாகத் தொடர்வது இது. மகனைப் பரிசோதிக்க அழைத்துச் சென்ற தந்தை, மருத்துவர் கேட்கும் கேள்விகளில் தம்மையே கண்டு திகைப்பதும் உண்டு. உலகளவில் வயது வந்தோருள் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்கு இது இருக்கக்கூடும் என்பது ஒரு மதிப்பீடு. ஞாயிறு திருப்பலிக்கு நானூறு பெரியவர்கள் வரும் பங்கில், பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்களிடம் இது ஓட்டமும் ஆட்டமுமாக வெளிப்படாமல், பகற்கனவாகவும் மறதியாகவும் ஒளிந்திருப்பதால், பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை.

குடும்பத்தார் ஏற்க மறுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது நேர்மையான காரணமே. 'சாமி, அவனுக்குக் கவனம் இல்லை என்கிறீர்களே, பிடித்த வேலையில் மட்டும் எப்படி உண்ணாமல் உறங்காமல் உட்காருகிறான்?' என்று கேட்கின்றனர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அப்பால் புற்றடியிலும் நடைபெறுகிறது. மாதிரிக் காயைக் கையில் உருட்டி, மணமும் நிறமும் பார்த்து, திரையில் ஏறும் விலையைக் கவனித்து, நொடிகளில் முடிவெடுக்க வேண்டிய இடம் அது. அங்கே கூர்மையாக விளங்கும் ஒருவர், மறுநாள் பற்றுவரவு எழுத அமர்ந்தால் மூன்று வரிக்குமேல் நகராமல் தவிக்கலாம். அவருக்குக் கவனம் இருக்கிறது. அது அவர் ஏவலுக்குப் பணிவதில்லை. புதுமை, விரைவு, அவசரம் ஆகியவை அதனை இழுத்து நிறுத்துகின்றன. கடமை என்னும் எண்ணம் ஒன்றே பிறருக்குப் போதும். இவருக்கு அது போதவில்லை.

வனத்து அந்தோணியாரை நம் ஊர்களில் கால்நடைகளின் காவலராகவே அறிவோம். பொங்கலையொட்டி அவர் திருநாள் வருவதால் மாடுகளை மந்திரிக்க ஓட்டிவருவோம். பாலைவனத் தந்தையரைப் பற்றிய பழைய நூல்களில் அவரைக் குறித்து வேறொரு செய்தி உண்டு. தனிமையில் அமர்ந்திருந்த அவரைச் சலிப்பும் அலைபாயும் எண்ணங்களும் சூழ்ந்துகொண்டன. மீட்படைய விரும்பியும் எண்ணங்கள் தம்மை விடவில்லையே என்று அவர் இறைவனிடம் முறையிட்டார். பின்பு வெளியே வந்தபோது, தம்மைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதையும், எழுந்து செபிப்பதையும், மீண்டும் அமர்ந்து திரிப்பதையும், மீண்டும் எழுவதையும் கண்டார். அவர் ஆண்டவரின் தூதர். இவ்வாறே செய், மீட்படைவாய் என்பது கிடைத்த மறுமொழி. அந்தோணியாருக்கு நோய் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை; அவ்வாறு சொல்வது வீண். அங்கு வந்த தூதர் மனத்தை ஒருமுகப்படுத்தாததற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை என்பதை மட்டும் பாருங்கள். வேலையைச் சிறு துண்டுகளாக்கி, கைக்கும் காலுக்கும் மாற்றம் கொடுத்து, ஒரு முறையைக் கண்ணெதிரே செய்து காட்டினார்.

இன்றைய மருத்துவர்கள் கூறும் தொழில்முறை அறிவுரையும் இதிலிருந்து வெகு தொலைவில் இல்லை. தலைக்குள் நிற்க மறுப்பதைத் தலைக்கு வெளியே நிறுத்த வேண்டும். ஸ்டோரில் இருப்பவர் கைப்பேசியில் அரைமணிக்கு ஒருமுறை மணி அடிக்கச் செய்யலாம்; மணி அடித்ததும் எழுந்து, வெப்பத்தைப் பார்த்து, சுவரில் மாட்டிய பலகையில் நேரத்தோடு குறித்துவிட்டே மறுவேலை தொட வேண்டும். 'பார்த்தேனா, இல்லையா?' என்ற ஐயத்திற்குப் பலகை விடை சொல்லும். எழுதுகோலைப் பலகையோடு கயிற்றால் கட்டிவையுங்கள். சிரிக்காதீர்கள், இல்லாவிடில் முதல் நாளே அது காணாமற்போகும். கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கும் பெண், பெருங்குவியலைக் கண்டு மலைக்காமல், முறம் முறமாக எடுத்துவைத்து, ஒவ்வொரு முறமும் தீர்ந்ததும் எழுந்து நாலடி நடந்து வரலாம். அருகில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு மற்றொருவர் இருப்பதே பலருக்குக் கவனத்தைக் கட்டிப்போடுகிறது. தனியறையில் கணக்கெழுத அனுப்புவது தண்டனையாகும். கூலி வந்த அன்றே வீட்டுச் செலவுப் பங்கை மனைவியின் கையில் சேர்த்துவிடுதல் நலம். உறக்கம் கெட்டால் எல்லாம் கெடும். ஆகவே இரவு வேலையை இத்தகையோருக்குக் கொடுக்காதிருப்பதே தோட்ட முதலாளிகளுக்கும் ஆதாயம். நடமாட்டமும் மாற்றமும் உள்ள வேலையைக் கொடுத்துப் பாருங்கள். இதே மனிதர் இருவர் வேலையைச் செய்யக்கூடும்.

ஜீப் ஓட்டுநர்களுக்கு ஒரு சொல் தனியாகச் சொல்ல வேண்டும். விடியலில் தொழிலாளப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும் வண்டியில், ஓட்டுநரின் கவனம் அத்தனை பேரின் உயிர். இக்கோளாறு உள்ளோர்க்குச் சாலை விபத்து நேரும் வாய்ப்பு மிகுதி என்பது ஆய்வுகளில் தெளிவானது. கைப்பேசியை அணைத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டே அவர்கள் வண்டியைக் கிளப்ப வேண்டும். மருத்துவத்தை நாளை நாளை என்று தள்ளிப்போடவும் கூடாது.

மருந்து உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. மெத்தில்ஃபெனிடேட், அட்டோமாக்செட்டின் முதலியவை பலருக்குப் பயன் தருகின்றன. முன்னது சட்டக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்ட மருந்து. இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் ஆராய்ந்து மருத்துவர் எழுதித் தரவேண்டியது. மாத்திரை மூளைக்குத் துணைசெய்யும். பலகையில் எழுதித் தராது. இரண்டும் வேண்டும். செபம் செய்தால் மாத்திரை வேண்டா என்பாரும், மாத்திரை இருந்தால் செபம் எதற்கு என்பாரும் என்னிடம் வருகின்றனர். இருவரையும் நான் ஒரே வாக்கியத்தில் அனுப்பிவிடுவேன்: மூக்குக்கண்ணாடி அணிந்து செபப்புத்தகம் வாசிப்பதில்லையா?

சட்டம் இங்கே அதிகம் கைகொடுப்பதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளுள் இக்கோளாறு தனியே இடம்பெறவில்லை. எனவே தோட்டத்திலும் கடையிலும் முதலாளியின் மனமே சட்டம்.

மறதியெல்லாம் இக்கோளாறும் அன்று. தைராய்டு குறை, மனச்சோர்வு, உறக்கமின்மை, குடி, கடன்கவலை ஆகியவையும் கவனத்தைச் சிதறடிக்கும். அதனால் தாமே முடிவுகட்டாமல், தேனி க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். 'டெலி மானஸ்' என்னும் அரசின் இலவச மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். அறிகுறிகள் 12 வயதிற்கு முன்பே இருந்தனவா என்று மருத்துவர் கட்டாயம் கேட்பார். ஆகவே பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். தாயார் உயிரோடிருந்தால் அவரையும் உடன் அழைத்துப் போங்கள். மகன் நினைவில் வைத்திராததை அவர் சொல்லுவார்.