நீரளவு அறிதல்

"குளுக்கோஸ் ஏற்றினால் உயிர் வரும்" என்னும் நம்பிக்கை நம் மக்களிடையே வேரூன்றிய ஒன்று. அது முழு உண்மையன்று என்பதை நான் கற்றது வகுப்பறையில் அன்று, நோயாளியின் கட்டிலருகே.

சென்ற மழைக்காலத்தில், திருவனந்தபுரத்தில் கட்டட வேலை செய்யும் என் மாமாவுக்கு எலிக்காய்ச்சல் கண்டது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் புண்பட்ட காலுடன் நிற்போரை இந்நோய் எளிதில் பற்றும். 2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் பலரைத் தாக்கியது. சிறுநீரகத்தைத் திடீரெனச் செயலிழக்கச் செய்வதும் உண்டு. முதல் நாள் நீர் ஏற்றிய டாக்டர், நான்காம் நாள் நிறுத்தினார். மாமாவின் நாவோ உலர்ந்து கிடந்தது. அத்தையும் நானும் மன்றாடினோம், அவர் இசையவில்லை. எனக்குச் சினமே மிகுந்தது. பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான் காரணம் விளங்கிற்று.

நீர் குறைந்தால் சிறுநீரகத்துக்குக் குருதி போதாது. நலிந்த உறுப்பு மேலும் நலியும். மிகுந்தாலோ, வெளியேற வழியின்றி நுரையீரலில் தேங்கி மூச்சை முட்டும். அளவை எவ்வாறு அறிவது?

சிறுநீரைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் கெட்டிருந்தும் சிறுநீர் தாராளமாகப் போவதுண்டு. கால் வீக்கமும் ஏமாற்றும். கரை கசியும் வாய்க்காலை எண்ணிப் பாருங்கள்: வயலெல்லாம் சேறு, வாய்க்காலிலோ நீரில்லை. அதுபோலவே குருதிக் குழாய்கள் கசிந்தால், உடல் வீங்கியிருக்கக் குழாய்கள் வறண்டிருக்கும். வாயால் மூச்சு விடுவோர்க்கு, நீர் மிகுந்தபோதும் நா உலரும்.

ஆதலால் பல சான்றுகளைச் சேர்த்தே நோக்குகின்றனர்: கழுத்துச் சிரையின் புடைப்பு, நுரையீரலின் ஒலி, ஸ்கேன், நாள்தோறும் எடை. ஓரிரு நாளில் 1 கிலோ ஏறினால், ஏறத்தாழ 1 லிட்டர் நீர் தங்கிவிட்டது என்பது பொருள்.

ஓர் அழகிய சோதனையும் உண்டு. சாய்ந்திருப்பவரைப் படுக்க வைத்து, கால்களை 45 பாகை உயர்த்துவர். ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் குருதி இதயத்தை நோக்கிப் பாயும். உடனே இதயம் வெளியேற்றும் குருதி கூடினால், நீர் பயன் தரக்கூடும். கூடாவிடில் ஏற்றிப் பயனில்லை. கால்களை இறக்கினால் குருதி பழைய இடம் சேரும். கொடுக்காமலே கொடுத்துப் பார்க்கும் வித்தை இது!

இன்றைய விடை நாளைக்கு ஆகாது. திரும்பத் திரும்பப் பார்த்தல் வேண்டும். மாமாவின் எடை 3 நாளில் 4 கிலோ கூடியிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். அவர் பிழைத்தார். நண்பர்களே, குளுக்கோஸ் கேட்டு வற்புறுத்துவதினும், நோயாளி குடித்ததையும் கழித்ததையும் அளந்து எழுதிக் கொடுப்பதே உறவினர் செய்யத்தக்க பேருதவி.