ஸ்பீடு காட்ட ஈ.சி.ஆர் எதுக்கு... இருங்காட்டுக்கோட்டை இருக்கே!

ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டு தாண்டி ஈ.சி.ஆரில் பைக்குகள் சீறிப் பாய்கின்றன. பையன் வீடு திரும்பும்வரை அம்மாவுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

வேகத்தின் மீது ஆசைப்படுவது தப்பில்லை. அதற்கான இடம்தான் வேறு. திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகப் போனால் சுமார் மூன்று மணி நேரத்தில் வந்துவிடும், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்.

சோழவரம் டு இருங்காட்டுக்கோட்டை

1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஆரம்பத்தில் சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் சொந்த டிராக்குக்கு மாறியது. ஒரு சுற்று 3.717 கி.மீ, மொத்தம் 12 திருப்பங்கள். பின்னாளில் ஃபார்முலா 1 வரை போன கோவை நரேன் கார்த்திகேயன், சென்னை கருண் சந்தோக் இருவரும் இங்கே ஓட்டியவர்கள்தான். நடிகர் அஜித்தும்தான்!

ரோட்டில் இல்லாதது என்ன?

டிராக்கில் எதிரே லாரி வராது. குறுக்கே மாடு வராது. வளைவில் சறுக்கினால் மோதுவதற்கு மரமோ, மின்கம்பமோ இருக்காது. மஞ்சள் கொடி காட்டினால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் பந்தயமே நிற்கும். டாக்டரும் ஆம்புலன்ஸும் தயாராக இருப்பார்கள்.

இந்தப் பாடத்தை உலகம் கற்றது பிரான்ஸில்தான். ஆரம்பகால கார் பந்தயங்கள் அங்கே ஊர்விட்டு ஊர் போகும் சாலைகளில்தான் நடந்தன. 1903-ல் பாரிஸ் - மாட்ரிட் பந்தயத்தில் ஓட்டியவர்களோடு வேடிக்கை பார்த்தவர்களும் இறந்துபோக, பாதி வழியில் போர்தோ நகரிலேயே பந்தயம் நிறுத்தப்பட்டது. அதன் பிறகே மூடிய சுற்றுப்பாதைகளுக்கு மவுசு கூடியது.

டிராக்கிலும் ஆபத்து உண்டு

2023 ஆகஸ்டில் இதே இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசிய பைக் பந்தயத்தில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தான். இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் இந்த நிலை என்றால், ஹெல்மெட்கூடப் போடாமல் ஈ.சி.ஆரில் பறப்பவர்களை என்ன சொல்வது?

எப்படிப் போட்டியிடுவது?

எஃப்.எம்.எஸ்.சி.ஐ அமைப்பின் லைசென்ஸ் வேண்டும். பயிற்சி முக்கியம். 'ஒன் மேக்' பந்தயங்களில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பைக் என்பதால், ஜெயிப்பது ஓட்டுபவரின் திறமைதான். பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டு.

அடுத்த ஞாயிறு பையன் பைக் சாவியைத் தேடினால், திட்டுவதற்கு முன் ஒருமுறை டிராக்குக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். உண்மையான ரேஸர் எவ்வளவு நிதானமானவர் என்பது அவனுக்கே புரியும்!