இல்லாத வீட்டின் படங்கள்

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று அகற்றப்பட்டது. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் பல பத்தாண்டுகள் வாழ்ந்த குடியிருப்பு அது. ஏறத்தாழ 370 வீடுகளுள், நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியானவை என நீதிமன்ற ஆணையில் குறிக்கப்பட்டவை 189. இன்று அந்தச் சந்துகளைக் காண வேண்டுமெனில், அங்கு வாழ்ந்தோரின் கைப்பேசிப் படங்களைத்தான் நாட வேண்டும். பொழுதுபோக்காகக் கற்கும் படத்திருத்தக் கலைக்கு இத்தகைய படங்களைவிடப் பொறுப்பான வேலை வேறு இல்லை.

முதலில், மூலப்படத்தைத் தொடாதீர்கள். ஒரு நகலெடுத்து அதில் மட்டுமே பணியாற்றுங்கள். ஜேபெக் வகைப் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்தோறும் அதன் நுட்பம் சிறிது சிறிதாகக் குறையும்.

குறுகிய சந்தில் எடுத்த படத்தின் பொதுவான குறை, மேலே வானம் வெளுத்தும் கீழே வாசல்கள் இருண்டும் இருப்பதாகும். ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலிகளில் நிழற்பகுதியை மட்டும் வெளிச்சமாக்கும் வசதி உண்டு. இருட்டில் மறைந்திருக்கும் விவரங்களைப் பெரும்பாலும் மீட்கலாம். ஆனால் அளவு மீறினால் சுவரெங்கும் புள்ளிகள் பரவும். முற்றிலும் வெளுத்த வானத்தை மீட்க இயலாது. ஒவ்வொரு வண்ணத்தின் அளவும் 0 முதல் 255 வரை பதிவாகிறது. மூன்றும் 255-ஐத் தொட்ட இடத்தில் மீட்பதற்கு எதுவும் எஞ்சியிராது. ஆகவே படமெடுக்கும்போதே வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து வைப்பது நலம்.

நீலத் தார்ப்பாயின் கீழ் எடுத்த படத்தில் முகங்களும் நீலம் பூசியது போலிருக்கும். வண்ணச் சமநிலைக் கருவியைத் திறந்து, வெள்ளையென நீங்கள் அறிந்த ஒரு பொருளை, வேட்டியையோ சுண்ணாம்புச் சுவரையோ, தொட்டுக் காட்டினால் ஏனைய வண்ணங்கள் தாமே சீராகும். சுவர்கள் பின்னோக்கிச் சாய்ந்து தெரிந்தால், கதவுச் சட்டத்தைச் செங்குத்து அளவாகக் கொண்டு நேராக்குக.

கற்பனைக்கும் இடமுண்டு. இரு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மங்கலாக இணைக்கும் இரட்டைப் பதிவு உத்தியால், பழைய வாசலையும் புதிய குடியிருப்பின் மாடிப்படியையும் ஒரே சட்டத்தில் கொணரலாம். மேலே வைக்கும் படத்தை ஏறத்தாழ பாதி அடர்த்தியில் நிறுத்திப் பாருங்கள். இரண்டிலும் வாசல் ஒரே இடத்தில் பொருந்தினால், வேறு அலங்காரமே வேண்டியதில்லை.

‘குறைநீக்கும் தூரிகை’யிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. மின்கம்பி, தண்ணீர் டிரம், கொடியில் உலரும் துணி ஆகியவற்றை அது நொடியில் அழித்துவிடும், படமும் ‘அழகாகும்’. ஆனால் அந்த டிரம்தான் அந்த வீடு. செயற்கை நுண்ணறிவால் பழைய முகங்களைத் தெளிவாக்கும் செயலிகளும் அத்தகையனவே. மங்கலான பாட்டியின் முகத்தில் அவை வரையும் கண்கள் ஒரு கணிப்பேயன்றிப் பாட்டியின் கண்கள் அல்ல. அத்தகைய படத்தைச் சுவரில் மாட்டுவதாயினும், பின்புறத்தில் ‘திருத்தியது’ என எழுதி வையுங்கள்.

வங்கிக்கோ அரசு அலுவலகத்துக்கோ அளிக்கும் அடையாள, முகவரிச் சான்றுகளின் படங்களில் ஓரம் வெட்டுவதும் நேராக்குவதும் போதும். எழுத்தையோ முத்திரையையோ தொடலாகாது. வசிப்பிடத்தைக் காட்டும் படமெனில், எடுத்த நாளும் நேரமும் மூலக்கோப்பிலேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அப்பதிவு நீங்கிவிடும் என்பதால், ‘டாக்குமெண்ட்’ என்ற தெரிவின் வழியே அனுப்பி, ஒரு பிரதியை வேறொரு கருவியிலும் சேமித்து வைக்கவும்.