தாராக் குஞ்சு ஏன் நொண்டுகிறது?

தாரா முட்டைகளைக் கோழிக்கு அடை வைத்துப் பொரிக்கச் செய்வது நமது ஊர்களில் பழைய வழக்கம். கோழி முட்டை 21 நாட்களில் பொரித்துவிடும். தாரா முட்டைக்கு 28 நாட்கள் வேண்டும். தன்னுடையதல்லாத குஞ்சுகளுக்காக அந்த ஏழு நாட்களையும் கூடுதலாகப் பொறுத்திருக்கிறது கோழி.

கடந்த வருடம் எங்கள் வீட்டிலும் அவ்வாறு ஐந்து தாராக் குஞ்சுகள் பொரித்தன. வெளியே விட்டால் காகமும் பூனையும் பிடித்துவிடும் என்று பயந்து, அவற்றை ஒரு காட்போட் பெட்டியில் போட்டு வளர்த்தோம். வீட்டில் இருந்த அரிசிக் குறுணலையே தீனியாக வைத்தோம். பன்னிரண்டாம் நாள் ஒரு குஞ்சு நொண்டத் தொடங்கியது. மறுநாள் எழுந்து நிற்கவே முடியாமல், கணுக்கால்களில் குந்தியபடி இறகை அடித்துக்கொண்டு நகர்ந்தது. "யாரோ மிதித்துவிட்டார்கள்" என்றார் உம்மா. எல்லோரும் தம்பியைப் பார்த்தோம். அவன் இல்லையென்று அழுதான். நாங்கள் நம்பவில்லை. இரண்டு நாட்களில் அந்தக் குஞ்சு இறந்துவிட்டது.

அதே வாரத்தில் இன்னொரு குஞ்சும் நொண்டியது. அப்போதுதான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. அதைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வாப்பா மிருக வைத்தியரிடம் போனார். அங்கே அறிந்துகொண்டவற்றையும் பின்னர் நான் வாசித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். வீட்டில் தாரா வளர்ப்போருக்கு இது உதவக்கூடும்.

முதலில் காலைப் பாருங்கள்

நொண்டும் குஞ்சை இரு கைகளாலும் உடம்பின் கீழே தாங்கி எடுக்க வேண்டும். கோழியைப் போலக் காலில் பிடித்துத் தூக்கக்கூடாது. தாராவின் கால்கள் மெல்லியவை, அப்படித் தூக்குவதாலேயே அவை பழுதடையலாம். பின்னர் பாதத்தின் அடியில் முள்ளோ வெட்டுக்காயமோ இருக்கிறதா, நூலோ தலைமுடியோ காலில் சுற்றி இறுகியிருக்கிறதா, மூட்டு வீங்கிச் சூடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு எளிதில் புலப்படும்.

கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோயிருந்தால், பெரும்பாலும் வழுக்கும் தளமே காரணம். பெட்டியில் பத்திரிகைத் தாள் விரிப்பது பலரும் செய்யும் தவறு. பொரித்த முதல் நாட்களில் குஞ்சு அதில் கால் ஊன்ற முடியாமல் சறுக்கும். சறுக்கிச் சறுக்கிக் கால்கள் அப்படியே விரிந்துவிடும். தாளுக்குப் பதிலாகப் பழைய துவாய்த் துணி அல்லது சாக்கு விரிக்கலாம். கால்கள் விரிந்துவிட்டால், மென்மையான துணிப்பட்டியால் இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் தளர்வாகச் சேர்த்துக் கட்டிச் சில நாட்கள் விட வேண்டும். குஞ்சு மிகச் சிறியதாக இருக்கும்போதே செய்தால்தான் இது பலனளிக்கும். கட்டு இறுகிப் பாதம் வீங்குகிறதா என்று அடிக்கடி பார்ப்பதும் அவசியம்.

காயமும் இல்லை, வீக்கமும் இல்லை என்றால்?

எங்கள் குஞ்சுக்குக் காயம் எதுவும் இருக்கவில்லை. அதன் கால்கள் வில் போல வளையத் தொடங்கியிருந்தன. "என்ன தீனி கொடுக்கிறீர்கள்?" என்பதே வைத்தியர் கேட்ட முதல் கேள்வி.

தாராக் குஞ்சுகளின் கால் பலவீனத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று நியாசின் எனப்படும் விற்றமின் பி3 குறைபாடு. ஒரு கிலோகிராம் தீனியில் கோழிக் குஞ்சுக்கு ஏறத்தாழ 27 முதல் 35 மில்லிகிராம் நியாசின் போதும். தாராக் குஞ்சுக்கோ 55 மில்லிகிராம் தேவை. டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து கோழி தனக்குரிய நியாசினில் ஒரு பகுதியை உடலிலேயே உருவாக்கிக்கொள்கிறது. தாராவின் உடலுக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே அது உணவிலிருந்தே அதைப் பெற வேண்டும். தாராக் குஞ்சு வேகமாக வளரும். நாளுக்கு நாள் கூடும் உடல் எடையை வலுவற்ற கால்கள் தாங்காமல் வளைகின்றன, கணுக்கால் மூட்டுகள் தடிக்கின்றன.

வெள்ளை அரிசி பறவைகளின் கால்களைப் பலவீனமாக்கிய கதை ஒன்று விஞ்ஞான வரலாற்றிலும் உண்டு. 1890களில் ஜாவாத் தீவின் பத்தாவியா நகரில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர் தமது ஆய்வுகூடக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். ஏதோ கிருமி என்றே முதலில் எண்ணினார். இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் அவற்றுக்குத் தீனியாகப் போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைக் கொடுக்க மறுத்துவிட்டார். தீட்டாத அரிசியைத் தின்னத் தொடங்கியதும் கோழிகள் எழுந்து நடந்தன. அந்தக் கோழிகளுக்குக் குறைந்தது விற்றமின் பி1, எங்கள் குஞ்சுக்குக் குறைந்தது பி3. ஆனால் பாடம் ஒன்றுதான்: வயிறு நிறைந்திருந்தாலும் உடல் பட்டினி கிடக்கலாம். விற்றமின்களைப் பற்றிய அறிவுக்கு வழிவகுத்த இந்த ஆய்வுக்காக ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

என்ன கொடுக்கலாம்?

அரிசிக் குறுணலும் பாணும் வயிற்றை நிரப்புமே தவிர, வளரும் குஞ்சுக்கு அவை போதாது. தாராக் குஞ்சுத் தீனி கிடைக்காவிட்டால் கோழிக் குஞ்சுத் தீனியைக் கொடுத்து, நியாசினைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அவித்து முள் நீக்கிய மீன், அவித்து மசித்த பட்டாணி, உலர்ந்த ஊட்ட ஈஸ்ட் தூள் ஆகியவற்றில் நியாசின் உண்டு. உப்பிட்ட கருவாடு வேண்டாம். அதிக உப்பு குஞ்சுகளுக்கு நஞ்சாகும். பாண் சுடப் பயன்படும் உயிருள்ள ஈஸ்டும் வேண்டாம்.

ஏற்கெனவே நொண்டும் குஞ்சுக்கு உணவு மட்டும் போதாமல் போகலாம். நான்கு லீற்றர் குடிநீருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் நியாசின் கரைத்துக் கொடுப்பது தாரா வளர்ப்போரின் வழக்கம். அந்த நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். மாத்திரை வாங்குமுன் மிருக வைத்தியரிடம் அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆரம்பத்திலேயே கவனித்தால் சில நாட்களில் முன்னேற்றம் தெரியும். எலும்பு வளைந்து, தசைநார் இடம் விலகிவிட்டால் முழுமையாகச் சீராக்குவது கடினம். ஆகவே நொண்டலைக் கண்ட அன்றே செயற்பட வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த தீனியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அதில் உண்டாகும் அஃப்ளடொக்ஸின் நஞ்சு தாராக் குஞ்சுகளை மிக எளிதில் கொன்றுவிடும். மழைக்காலத்தில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

சூடும் நீரும் துணையும்

பலவீனமான குஞ்சை மற்றவை மிதிக்கும், தீனிக்கு அண்டவும் விடாது. எனவே அதைப் பிரித்து வைக்க வேண்டும். ஆனால் தனித்த தாராக் குஞ்சு ஓயாமல் கத்திச் சோர்ந்துபோகும். நடுவில் ஒரு கம்பிவலையை வைத்தால், மற்றக் குஞ்சுகளைப் பார்த்தபடியே அது அமைதியாக இருக்கும்.

முதல் வாரத்தில் ஏறத்தாழ 32 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். நமது பகல் வெயிலில் மின்குமிழ் தேவைப்படாமல் போகலாம். இரவிலும் மழையிலும் தேவைப்படும். குஞ்சுகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்தால் குளிர்கிறது என்றும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது என்றும் அறியலாம்.

குடிநீர்ப் பாத்திரம் அலகும் நாசித் துவாரமும் நனையும் அளவு ஆழமாக இருக்க வேண்டும். குஞ்சு உள்ளே விழுந்து மூழ்காதிருக்க அதில் சில கூழாங்கற்களைப் போடலாம். நீரில்லாமல் தீனி மட்டும் வைத்தால் அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தாரா என்றால் நீந்தும்தானே என்று சிறு குஞ்சைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. தாய்த் தாராவோடு வளரும் குஞ்சுக்குத் தாயின் இறகிலுள்ள எண்ணெய் ஒட்டுவதால் நீர் எளிதில் ஊறாது. கோழி பொரித்த குஞ்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது நனைந்து விறைத்துவிடும். ஆயினும் ஒரு பேசினில் இளஞ்சூட்டு நீரை ஊற்றி, நொண்டும் குஞ்சைக் கையால் தாங்கியபடி சில நிமிடங்கள் மிதக்க விடலாம். உடற்பாரம் இல்லாமல் கால்களை அசைக்க அது நல்ல பயிற்சி. பின்னர் நன்றாகத் துடைத்துச் சூட்டில் வைக்க வேண்டும். குஞ்சைத் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவும் மறக்கக்கூடாது.

அடைத்து வைப்பவரின் பொறுப்பு

ஒரு பூனையை அடைத்து வைத்து, தானும் உணவளிக்காமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த ஹதீஸை நாம் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். நாங்கள் குஞ்சுகளுக்குத் தீனி போட்டோம், பட்டினி போடவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியை நினைக்கும்போது இந்த ஹதீஸ் என் மனதை உறுத்துகிறது. வயலிலும் குளக்கரையிலும் திரியும் தாராக் குஞ்சு புழு, பூச்சி, நத்தை, சிறுமீன், நீர்ப்பூண்டு என்று தனக்குத் தேவையானதைத் தானே தேடிக்கொள்கிறது. அன்பினால்தான் அதை அடைத்து வைத்தோம். அடைத்து வைத்தவுடன் அந்தத் தேடலின் பொறுப்பு நம்முடையதாகிவிடுகிறது. அன்பு மட்டும் அதற்குப் போதாது, அறிவும் வேண்டும்.

இரண்டாவது குஞ்சு ஐந்தாறு நாட்களில் எழுந்து நின்றது, அல்ஹம்துலில்லாஹ். இன்று அது பெரிய தாரா. ஓடும்போது மட்டும் இடது கால் சற்று இழுக்கும். தினமும் அதற்குத் தீனி வைப்பது தம்பிதான். அவனை நம்பாமல் போனதற்காக நாங்கள் அனைவரும் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் எங்களை மன்னித்துவிட்டான். இறந்துபோன குஞ்சைப் பற்றி மட்டும் இன்னும் இடைக்கிடை கேட்கிறான்.