தலைச் சொடுகும் எண்ணெய் முழுக்கும்

வெள்ளிக்கிழமை விடியற்காலை, வேலணையில் ஒரு வீட்டுக் கிணற்றடி. நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் ஏந்தியவாறு அம்மம்மா நிற்கின்றார். பேத்தியோ தலையைக் கொடுக்க மறுக்கின்றாள். “எண்ணெய் காணாத தலை காய்ந்து சொடுகு கொட்டாமல் வேறென்ன செய்யும்?” என்பது அம்மம்மாவின் கட்சி. “எண்ணெய் வைத்து வைத்துத்தான் சொடுகு கூடுகிறது, அம்மம்மா” என்பது பேத்தியின் கட்சி. தீர்ப்புக் கூற வேண்டிய தாய், பாடசாலைக்கு நேரமாகின்றதே என்ற கவலையில் இருவரையும் அதட்டிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுகின்றார். தமிழர் வாழும் இடமெங்கும் எத்தனையோ வீடுகளில் நடைபெறும் வழக்கு இது. இதில் இருவருமே பாதி உண்மையைச் சொல்கின்றனர் என்பதுதான் வேடிக்கை.

தமிழகத்தார் பொடுகு என்றும் நம்மவர் சொடுகு என்றும் வழங்கும் இவ்வுபாதை உயிருக்கு ஊறு செய்வதன்று. ஆயினும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது சிறு துன்பமும் அன்று. பின் வாங்கில் இருப்பவள் தன் உச்சி வகிட்டைப் பார்த்து நகைக்கின்றாளோ என்ற கூச்சம் ஒரு புறம். இடைவிடாத அரிப்பு மறு புறம். இவற்றுக்கிடையே ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவது மனத்திற் பதிவது எங்ஙனம்? போதாக்குறைக்கு, “முழுகாத பிள்ளை” என்று எவரேனும் ஒரு சொல் சொல்லிவிட்டால் அது நெடுநாள் நெஞ்சில் தைத்து நிற்கும். ஆதலின், சொடுகு அழுக்கினால் வரும் நோயன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நன்று.

அப்படியாயின் அது எதனால் வருகின்றது? நமது தலைத்தோல் ஓயாது தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கின்றது. அடியிலே தோன்றும் கலங்கள் ஏறக்குறைய ஒரு மாத காலத்தில் மேற்பரப்பை அடைந்து, கண்ணுக்குப் புலப்படாத துகள்களாய் உதிர்ந்துவிடுகின்றன. சொடுகு உள்ள தலையில் இவ்வேலை அவசர அவசரமாக நடைபெறுகின்றது. முதிராத கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டியவாறே செதில்களாகக் கிளம்புகின்றன. இந்த அவசரத்தைத் தூண்டுவது மதுவ இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணிய பங்கசு ஆகும். பிரான்சு தேசத்து ஆராய்ச்சியாளரான மலசே என்பவர் இதனை 1874ஆம் ஆண்டில் விவரித்தார்; அவர் பெயராலேயே இன்று அது ‘மலசீசியா’ எனப்படுகின்றது.

இந்தப் பங்கசு யாரோ ஒருவர் தலையிலிருந்து நம் தலைக்குத் தாவியதன்று. வளர்ந்தவர்கள் அனைவரின் தலையிலும் அது குடியிருக்கின்றது என்றே சொல்லலாம். அதன் உணவு, தோலில் இயற்கையாகச் சுரக்கும் எண்ணெய்ப் பசை. 2007ஆம் ஆண்டில் அதன் மரபணுக்கள் முழுவதையும் படித்தறிந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. தனக்கு வேண்டிய கொழுப்பமிலங்களைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லையாம்! எனவே அது நமது எண்ணெய்ப் பசையைச் சிதைத்து வேண்டியதை உண்கின்றது. எஞ்சியதைத் தோலின்மேல் விட்டுவிடுகின்றது. அவ்வாறு எஞ்சுவனவற்றுள் ஒலேயிக்கமிலம் என்பது சிலருடைய தோலை உறுத்துகின்றது. அவ்வமிலத்தையே மனிதர் தலையில் தடவிச் சோதித்தபோது, சொடுகு வரும் இயல்பினருக்கே செதில் கிளம்பிற்று. ஏனையோருக்கு யாதொன்றும் நேரவில்லை. ஒரே கிணற்றில் தோயும் அக்காளுக்கு இல்லாத சொடுகு தங்கைக்கு வருவதன் காரணம் இதுவே. பூப்பெய்தும் வயதில் எண்ணெய்ச் சுரப்பு மிகுவதனால், மாணவப் பருவத்தில் இத்தொல்லை தலைகாட்டுவதும் இயல்பே.

இனி அம்மம்மாவின் எண்ணெய்க்கு வருவோம். நல்லெண்ணெயிலும் ஒலேயிக்கமிலம் பெருமளவிற் பிணைந்திருக்கின்றது. அதனைத் தலைத்தோலில் தேய்த்து நாட்கணக்கில் விட்டுவைத்தல், பங்கசுக்குப் பந்தி விரிப்பதற்கு ஒப்பாகும். இதில் பேத்தி சொல்வதே சரி. ஆனால், பழைய நாளில் எண்ணெய் முழுக்கு என்பது எண்ணெய் வைப்பதோடு முடிந்ததா? எண்ணெய் தேய்த்துச் சிறிது நேரம் ஊறிய பின், சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் சேர்த்து அவித்ததைப் பிசைந்து தேய்த்து, எண்ணெய்ப் பசை போகும்வரை தோய வார்த்தார்களே! ஊறிய எண்ணெய் செதில்களை இளக்கிற்று. சீயாக்காய் அவற்றை எண்ணெயோடு கழுவிச் சென்றது. முழுக்கின் பயன் பெரிதும் அந்தக் கழுவுதலில் இருந்தது என்பது என் துணிபு. காலப்போக்கில் சீயாக்காய் அவிக்கப் பொழுதில்லாமற் போயிற்று; எண்ணெய் மட்டும் எஞ்சி நின்றது. தினமும் காலையில் ஒரு கை எண்ணெயைத் தடவி, இறுக்கிப் பின்னி, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் வழக்கம் முழுக்கு ஆகாது. பொடுதலைத் தைலம் முதலிய சித்த வைத்தியத் தைலங்களுக்கும் இவ்விதி பொருந்தும். வைத்தால் கழுவ வேண்டும்.

கழுவுவது என்றவுடன் வேலணை வாசிகளின் மனக்கண்ணில் கிணறுதான் தோன்றும். ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட இத்தீவின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். பெய்யும் மழை அக்கல்லின் இடுக்குகளில் இறங்கி, உவர் நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாய் மிதக்கின்றது. சாட்டியின் மணற்பாங்கான பகுதியில் நல்ல நீர் கிடைக்கின்றது. வேறு சில இடங்களிலோ கோடை முதிர முதிர நீர் உவர்த்துப்போகும். சுண்ணாம்பு கரைந்த வன்னீரில் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு கூடி, கரையாத வெண்ணிறக் கசடாகி மயிரிலே படிந்துவிடும். இதனைச் சொடுகு என்று மயங்குவோர் உண்டு. வேறுபாடு காண்பது எளிது. கசடு மயிரின் நீளம் முழுவதும் படிந்து சீப்புப் பற்களில் பிசுபிசுப்பாய் அப்பும்; தலையில் அரிப்பு இராது. சொடுகோ தோலிலிருந்து செதிலாய்க் கிளம்பும். அரிப்பும் உடன் இருக்கும்.

கசடே குற்றவாளி என்று கண்டால், உடம்புக்குப் போடும் சவர்க்காரத்தைத் தலைக்குப் போடுவதை நிறுத்திவிட்டு, சீயாக்காயையோ ஷாம்புவையோ கையாளுதல் வேண்டும். அவை வன்னீரிலும் கசடாவதில்லை. தேசிக்காய்ச் சாற்றின் புளிப்பு முன்னமே படிந்த கசடை இளக்கவல்லது. ஒரு வாளி நீரில் அரைத் தேசிக்காய் போதும். சாற்றை நேராகத் தலையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்பது கூடாது. சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தோல் கொப்புளித்துக் கறுத்துவிடும். மாரியில் பீலியால் வடியும் மழைநீரைத் தூய பாத்திரத்தில் பிடித்து வைத்தால், கடைசியாகத் தலையை அலசுவதற்கு அதனினும் மெதுவான நீர் வேறில்லை.

உண்மையான சொடுகுக்கோ இவை மட்டும் போதா. பங்கசைக் குறைக்கும் மருந்து சேர்ந்த ஷாம்பு வேண்டும். சிங்க் பைரித்தியோன், செலீனியம் சல்பைட்டு, கீட்டோகோனசோல் ஆகிய மூன்றும் நெடுங்காலமாக வழக்கிலுள்ளவை. போத்தலின் முகப்பில் உள்ள அழகிய கூந்தற் படத்தைப் பாராது, பின்புறத்தில் இப்பெயர்களில் ஒன்று உண்டா எனப் படித்துப் பார்த்தல் வேண்டும். 2 வீதக் கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரத்திற்கு இருமுறையாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை பயன்படுத்துதல் வழக்கம். தணிந்த பின் வாரத்திற்கு ஒருமுறையோ இரு வாரத்திற்கு ஒருமுறையோ போதும். கருவுற்றிருப்போரும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

பலர் தவறுவது இரண்டு இடங்களில். போட்டவுடனே கழுவிவிடுவது முதலாவது. மருந்து தோலிலே தங்கி வேலை செய்ய மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் வேண்டும். மயிரில் நுரையெழுப்பி மகிழ்வதால் பயனில்லை, விரல் நுனிகளால் (நகங்களால் அன்று) தோலில் படும்படி தேய்த்தல் வேண்டும். சொடுகு மறைந்தவுடன் முற்றாகக் கைவிடுவது இரண்டாவது தவறு. பங்கசு நம்மோடு குடியிருப்பது. அடக்கி வைக்கலாமேயன்றி அடியோடு துரத்த இயலாது. ஆகவே “ஒரே வாரத்தில் வேரோடு ஒழியும்” என்னும் விளம்பரங்களுக்குக் காசு கொடுப்பது வீண்.

அம்மம்மாவின் மனம் நோகாமலிருக்க வழியில்லையா? உண்டு. சனிக்கிழமை பாடசாலை இல்லை. அன்று காலை எண்ணெயை அளவாக வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் நன்றாகத் தோய வார்க்கட்டும். பிறகு தலையைத் துவட்டி, நிழலில் உலர்த்தி, ஈரம் போன பின்னரே பின்னட்டும். மற்றைய நாட்களில் மயிர் பறக்கின்றதே என்று எண்ணெய் வேண்டுமாயின், நுனி மயிரில் இரண்டு சொட்டு; தோலுக்கு வேண்டியதில்லை.

சிறு குழந்தைகளின் தலையில் மட்டும் இந்த வைத்தியம் ஒன்றையும் தொடங்கவேண்டாம். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொடுகு வருவது அரிது. அவ்வயதில் செதிலோடு மயிரும் வட்டமாக உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது சீப்பாலும் தொப்பியாலும் பிறருக்குத் தொற்றும். ஷாம்புவால் மாத்திரம் மாறாது, உள்ளுக்கு மருந்து வேண்டும். பெரியவர்களிலும் செதில் வெள்ளி நிறமாய்த் தடித்திருந்தாலும், சீழ் கட்டினாலும், மருந்து ஷாம்புவை ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் தணியாவிட்டாலும், பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணத்திலே ஒரு தோல் நோய் வைத்தியரிடம் தலையைக் காட்டிவிடுவதே தக்கது.